மான்கறி போன டப்பா

நியூ ஜெர்சியில மான் அழகுன்னு சொல்றவங்க வீட்டுல தோட்டம் இருக்காது. என் அவரைப் பந்தலை வருஷா வருஷம் மொட்டையடிச்சுட்டுப் போகும். அவ்வளவு பெருகிக் கிடக்கு. அதனால வேட்டைக்காரர் ஒருத்தர், தான் சுட்ட மானைக் கறிக்கடையில கொடுத்து அரைச்சு, கஷ்டப்படறவங்களுக்கு மளிகை கொடுக்கிற எங்க ஊர் ஃபுட் பேங்குக்கு இலவசமாக் கொண்டுவந்தப்ப எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். ஆனா வாங்க ஆள் இல்லை. எப்படிச் சமைக்கிறதுன்னு யாருக்கும் தெரியலை.

சனிக்கிழமைகள்ல அங்க பொட்டலம் எடுத்துக் கொடுக்கிறது நான்தான். ஒரு நாள் வரிசையில நம்ம ஊர்ப் பொண்ணு ஒருத்தி. என்னைப் பார்த்ததும் முகம் சுண்டிப்போச்சு. "ஹஸ்பெண்டுக்கு லே-ஆஃப் ஆயிடுச்சுக்கா. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க." நம்மாளுங்க பசியைக்கூடத் தாங்கிடுவாங்க, இன்னொரு தமிழ் முகம் பார்த்துட்டதைத் தாங்க மாட்டாங்க. இவ இனிமே வரமாட்டான்னு தோணுச்சு. வீட்ல ரெண்டு பிள்ளைங்க வேற. சட்டுனு மான்கறியை நீட்டி, "இதுக்குப் பக்குவம் தெரிஞ்சவங்க இங்க யாருமில்லை, நீயாவது கொண்டுபோம்மா"ன்னேன்.

அடுத்த சனிக்கிழமை வந்துட்டா. ஆனா வரிசையில நிக்கலை. கையில எவர்சில்வர் டப்பா, அது நிறைய மான்கறிக் கோலா உருண்டை. "வெறுங்கையோட எப்படிக்கா வர்றது?"

வீட்ல சமைச்சதை உள்ளே வாங்கக் கூடாதுன்னு அங்க ரூல். மேனேஜரம்மா மறுத்துட்டாங்க. இவ டப்பாவை மூடிட்டு வாசலைப் பார்த்து நடந்துட்டா. எனக்கு வந்துதே கோபம். ரூலாம், பெரிய ரூலு! அவ கையைப் பிடிச்சு பார்க்கிங் லாட்டுக்கு இழுத்துட்டுப் போனேன். வேட்டைக்காரர் ட்ரக்கிலிருந்து பெட்டி இறக்கிட்டிருந்தார். "நீங்க கொடுத்த மான்தான், சாப்பிட்டுப் பாருங்க"ன்னேன். காரத்துல கண்ணு கலங்க, நின்னபடியே நாலைஞ்சு தின்னார். மிச்சத்தை மனைவிக்கு எடுத்துட்டுப் போகலாமான்னு அவகிட்டயே கேட்டார்.

அவ சரின்னு தலையாட்டினா. நான் அவரைச் சும்மா விடலை. "எங்க வழக்கத்துல டப்பா காலியாத் திரும்பக் கூடாது. சும்மா கொண்டுவந்தீங்கன்னா தொலைஞ்சீங்க."

எவர்சில்வர் டப்பாவை எந்தத் தமிழச்சி விட்டுக்கொடுப்பா? அடுத்த வாரமும் வந்தா. வேட்டைக்காரரும் மறக்கலை. வீட்டுக்குன்னு வச்சிருந்த நல்ல துண்டுக் கறியா நிரப்பிக் கொண்டுவந்து அவ கையிலேயே கொடுத்தார்.

ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டா. "இப்ப நான் திருப்பிச் செய்யணும்க்கா"ன்னு சிரிச்சா. அப்புறம் அந்த டப்பாவை இடுப்புல வச்சுக்கிட்டு, அரிசிக்கும் பாலுக்கும் வரிசையில போய் நின்னா. தலை குனியலை.