மச்சான் கத்தார் போகாத கதை

மச்சான், அதாவது என் மூத்த சகோதரி ராத்தாவின் மாப்பிள்ளை, இராணுவத்திலிருந்து ஓய்வுபெற்றவர். மாட்டுச் சந்தையில் ஒருவரின் மூக்கை உடைத்துச் சிறைக்குப் போனார். அவர் உள்ளே போக, பென்ஷனும் நின்றது. வெட்கத்தில் ராத்தா தெருவுக்கு ஒரே ஒரு பொய் சொன்னாள்: "அவர் கத்தாருக்குப் போயிட்டாரு." எங்கள் ஏறாவூரில் ஓர் ஆணைத் திடீரெனக் காணவில்லையென்றால் வேறெங்கே போயிருப்பான்? தெரு நம்பியது.

நன்னடத்தைக்காக அவரை முன்கூட்டியே விட்டார்கள். ஞாயிறுதோறும் பொலிசில் கையெழுத்துப் போடவேண்டும், அவ்வளவுதான். கத்தாரிலிருந்து வந்தவர் வெறுங்கையோடு வருவாரா? ராத்தா காத்தான்குடிக் கடைத்தெருவுக்கு ஓடிப் போர்வையும் பேரீச்சம்பழமும் வாங்கிவந்து பங்குவைத்தாள். பக்கத்து வீட்டு மாமி போர்வையை முகர்ந்து, "அரபுநாட்டு வாசம்" என்று கண்கலங்கினார்.

பென்ஷன் திரும்ப வர, சிறையிலிருந்து வந்து வீட்டில்தான் இருக்கிறார் என்று கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்த வேண்டும். மச்சான் விடுதலைக் கடிதத்தை நீட்டினார்.

"இந்தப் பேர்ல ஊர்ல எத்தின பேர்!" என்ற உத்தியோகத்தர், நேரே மாமியிடம் விசாரித்தார்.

"ஜெயிலா? ஆரு சொன்ன? மனிசன் கத்தார்ல மனேஜரா இருந்தவரு சேர்!"

உத்தியோகத்தர் மச்சான் பக்கம் திரும்பினார். "அங்க சம்பளமும் எடுத்து, இங்க பென்ஷனும் கேக்கிறீங்களா?"

"அல்லாஹ்வே, நான் ஜெயில்லதான் சேர் இருந்த!"

"பாருங்க, பெருமையில்லாத மனிசன்," என்றார் மாமி.

அடுப்பைப் பார்த்தபடி ராத்தா அழுதாள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. தேநீர்க் கடை, சலூன், மீன்சந்தை என்று அலைந்து உண்மையைச் சொன்னேன். கவிதை எழுதுகிறவன் பேச்சை யார் நம்புவார்? "மச்சானோட என்ன கோவம் தம்பி?" என்று எனக்குப் புத்தி சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் ஓட்டோ பிடித்தார். கண்ணால் பார்க்கட்டுமென்று உத்தியோகத்தரையும் மாமியையும் ஏற்றினார்; இடமில்லாமல் உத்தியோகத்தர் மடிமேல் நான். பொலிஸ் வாசலிலேயே சார்ஜன்ட் கையசைத்தார்: "வாங்க, மூக்கு உடைச்சவரே!"

அந்த ஒரு சொல்லுக்கு மச்சான் மாப்பிள்ளைபோல் மலர்ந்தார். நெஞ்சை நிமிர்த்திக் கையெழுத்துப் போட்டார்.

"நாளைக்கு வாங்க, எழுதித் தாறன்," என்றார் உத்தியோகத்தர்.

திரும்பும் வழியெல்லாம் வாவி வெயிலை நொறுக்கி நொறுக்கி எறிந்துகொண்டிருந்தது. மாமி என் தோளைத் தட்டினார்.

"அப்ப அந்தப் போர்வை?"

"காத்தான்குடி, மாமி."

"இந்த வெக்கைக்குள்ள அதைப் போத்திட்டு வேர்த்துக் கிடந்தேனே, வாப்பா!"