அண்ணன் முன் பெஞ்சில் உட்கார்ந்தது ஏன்?

சபையாருக்கும் உறவினருக்கும் தோத்திரம். அண்ணன் கர்த்தரிடம் போய் ஓராண்டு ஆகிறது. நினைவு மலருக்கு நாலு நல்ல வார்த்தை எழுதும்படி அண்ணன் மகள் கேட்டாள். ஓய்வு பெறும்வரை பேருந்தில் டிக்கெட் பரிசோதித்தவன் நான். சந்தேகப்படுவதற்கென்றே சம்பளம் வாங்கியவன். அண்ணனின் விசுவாசத்தையும் அப்படித்தான் பார்த்தேன். அது மெய்யா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. அவரே நம்பினால் எனக்கும் நம்ப வழி உண்டு.

அண்ணன் பிறந்தது இரணியல் பக்கம். அப்பா சீக்கிரமே போய்விட்டதால் படிப்பை விட்டு ரப்பர் பால்வெட்டுக்குப் போனார். என்னைப் படிக்க வைத்தது அந்தப் பால்வெட்டுதான். பிறகு திருவட்டாறுக்கு மேலே சொந்தமாகக் கொஞ்சம் ரப்பர் வைத்தார். யாரையும் ஏமாற்றியதில்லை, கோபம் மட்டும் மூக்குக்கு மேலே வரும். அண்ணன் மனைவி, எங்கள் மைனி, நோயில் விழுந்தபோது சபையே முழங்காலில் நின்றது. மைனி பிழைக்கவில்லை. அடக்க ஆராதனை முடிந்து வெளியே வந்த அண்ணன் மறுபடி ஆலயத்துக்குள் கால் வைக்கவில்லை. ஞாயிறுதோறும் மகளை வாசலில் இறக்கிவிட்டு எதிரே டீக்கடையில் உம்மென்று உட்கார்ந்திருப்பார். மகளுக்குக் கல்யாணமான பிறகும் அந்தக் கடைக்கு வருவதை விடவில்லை.

பிறகு ஒரு புயலில் ரப்பர் மரங்கள் அத்தனையும் சாய்ந்தன. அடுத்த ஞாயிறு பார்த்தால், வெள்ளை வேட்டியோடு முன் பெஞ்சில் அண்ணன்! சபைக் கமிட்டித் தேர்தல் நெருங்கியிருந்தது. நம் ஊரில் இதற்கு ஒரே அர்த்தம்தான். செயலாளர் மட்டிப்பழக் குலையோடு வீட்டுக்கே வந்துவிட்டார்.

“அண்ணாச்சி, கமிட்டிக்கு நிக்கியளா?”

“ஓட்டும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். பழத்த வச்சுட்டுப் போவும்” என்றார் அண்ணன்.

தேர்தல் வந்தது, போனது, அண்ணன் நிற்கவில்லை. என் சந்தேகம் தீர்ந்ததா? மருமகனுக்குச் சபைப் பள்ளிக்கூட வேலைக்கு அடி போடுகிறாரோ என்று பார்த்தேன். மருமகனோ குவைத்தை விட்டு வருவதாக இல்லை. பின் பெஞ்சிலிருந்து கவனித்தேன். பாட்டுக்கு வாய் திறக்கவில்லை, ஜெபத்துக்குக் கண் மூடவில்லை. பொறுக்காமல் கேட்டே விட்டேன்.

“அண்ணே, உள்ளதச் சொல்லும். எதுக்கு வாறீரு?”

“சண்டை பிடிக்கதுக்குலே. அவள ஏன் எடுத்தீருன்னு இவ்வளவு வருசமும் ரோட்டுல இருந்தே கேட்டேன். மரமும் போச்சா, இனி நேரே உள்ள போயே கேப்போம்னு வந்தேன்.”

இதையும் நான் முழுதாக நம்பவில்லை. ஆனால் ரப்பர் இலை கொட்டும் பனிக்காலத்திலும், ஆனி ஆடி மழையில் குடை பிடித்தும் அண்ணன் வந்தார். விழுந்த மரங்களை அகற்றிப் புதுக்கன்று வைத்து, இடையில் மரச்சீனிக் கிழங்கு நட்டார். அரசு மானியத்துக்காக இருக்கும் என்றேன் நான். அப்புறம் ஒரு மழைநாள் ஞாயிற்றில் அண்ணன் பாடினார். சுருதி சேரவே இல்லை.

கடைசியாக நாகர்கோவில் மருத்துவமனையில் படுத்திருந்தபோதும் நான் விடவில்லை.

“அண்ணே, சண்டை தீந்துதா?”

“எங்கலே தீந்துது? நான் இவ்வளவு ஏசியும் அவரு எந்திரிச்சுப் போகல்ல. நானும் போகல்ல. மிச்சத்த அங்க போயி, உங்க மைனியையும் பக்கத்துல வச்சுக்கிட்டுக் கேக்கேன்.”

பொய் சொல்கிறவனின் கண் எங்கே ஓடும் என்று பார்ப்பது எனக்குத் தொழில். அண்ணனின் கண் என்னை விட்டு எங்கும் ஓடவில்லை.

பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்ட மகளுக்கும், விடுப்பெடுத்து ஓடிவந்த மருமகனுக்கும், முகம் சுளிக்காத செவிலியர்களுக்கும், போதகருக்கும், பெட்டியைத் தோளில் சுமந்த செயலாளருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

ஒன்று பாக்கி. அண்ணன் இருந்த முன் பெஞ்சில் இப்போது நான் உட்காருகிறேன். தேர்தலும் மறுபடி வருகிறது. போன வாரம் என் வீட்டுக்கும் ஒரு மட்டிப்பழக் குலை வந்தது. கொடுத்தவருக்கு நன்றி. நான் கமிட்டிக்கு வரவில்லை. என் அண்ணனை ஏன் எடுத்தீர் என்று எனக்கும் கேட்க வேண்டியிருக்கிறது.