ஆத்தூர் வரைக்கும் ஒரு சிரிப்பு

இரண்டு விசில் கேட்டால் சிரிக்க வேண்டும், ஒரு விசில் கேட்டால் நிறுத்த வேண்டும். ராசிபுரத்தில் எங்கள் தெருக்கோடிப் பூங்காவில் காலையில் கூடும் சிரிப்பு மன்றத்தில் அதுதான் சட்டம். சட்டம் போட்டவர், பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற அண்ணன். மூச்சை இழுங்கள் என்று சொல்ல மாட்டார். "உள்ள போங்க, இன்னும் உள்ள போங்க, நடுவுல எடம் கெடக்குது" என்பார். சின்னச் சிரிப்புக்கு, பக்கத்து ஊர்ப் பெயரைச் சொல்லி "நாமகிரிப்பேட்டை" என்று குரல் கொடுப்பார். கடைசி நிறுத்தமான "ஆத்தூர்" என்றால் வழியில் எங்கும் இறங்காமல் மூச்சுள்ளவரை சிரித்தாக வேண்டும். யாராவது வரவில்லையென்றால், சிரித்து முடித்த கையோடு எல்லோரும் அவர் வீட்டுக்கே போய் ஏன் வண்டியேறவில்லை என்று கேட்போம். அதுவும் அவர் ஏற்படுத்திய பழக்கம்தான்.

நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தறிப்பட்டறைக்கு நூல் சுற்றப் போனவள். எதற்கெடுத்தாலும் பயம். கேஸை மூடினேனா என்று பாதி வழியில் திரும்பி ஓடுவேன். முதல் நாள், யாராவது பார்த்துவிடப் போகிறார்கள் என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அண்ணன் விடவில்லை. "ஏனுங்க அம்மிணி, டிக்கெட் எடுத்தவங்க எதுக்கு ஒளிஞ்சு ஒளிஞ்சு வாரீங்க?" என்றார். அன்றைக்குத்தான் எனக்கு நிஜமாகவே சிரிப்பு வந்தது.

ஒரு நாள் அண்ணனே வரவில்லை. பக்கவாதம். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது கைகாலெல்லாம் தேறிவிட்டன. வாய் மட்டும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நின்றது. இந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு எப்படிச் சிரிப்பது என்று அவர் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. அவரில்லாமல் பூங்காவில் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். மன்றம் இத்தோடு முடிந்தது என்று எனக்குத் தூக்கம் போயிற்று.

மிச்சமிருந்தவர்கள் அவர் வீட்டுக்குப் போனோம். அவர் எதிரில் சிரித்தால் அவரைப் பார்த்துச் சிரித்ததாக ஆகிவிடுமே என்ற கவலை எனக்கு மட்டும்தான் என்று நினைத்தேன். பார்த்தால் எல்லோர் முகமும் அப்படித்தான் இருந்தது. அண்ணன் மனைவி தண்ணீர்ச் செம்போடு வந்து எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "தெனமும் ஊரையே எழுப்பறாப்புல சிரிக்கறவிய, இப்ப என்னமோ எழவு ஊட்டுக்கு வந்தாப்புல நிக்கறீங்க?"

அண்ணன் தலையணைக்கு அடியிலிருந்து விசிலை எடுத்து ஊதினார். காற்று வாயோரமாக வழிந்து புஸ்ஸென்றது. மறுபடியும் ஊதினார். மறுபடியும் புஸ். நாங்கள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"வண்டி பஞ்சருங்க" என்றார் குழறலாக.

எங்களோடு வந்திருந்த கறிக்கடை பாய்தான் முதலில் சிரிப்பை அடக்க முடியாமல் உடைந்தார். பிறகு எல்லோரும். பயிற்சி என்று இல்லாமல் நாங்கள் சேர்ந்து சிரித்த சிரிப்பு அது. அண்ணன் முகத்தில் பாதிதான் சிரித்தது. கண் இரண்டும் சிரித்தன.

ஆனாலும் பூங்காவுக்கு வாருங்கள் என்றதும் தலையாட்டி மறுத்தார். "சனம் பாக்குமுங்க." என் வாய் எனக்கு முன்னால் பேசிவிட்டது: "நீங்க வாரவரைக்கும் நான் சத்தம் போடறனுங்கண்ணா. பயமாத்தான் இருக்குது." "போடு சாமி" என்றார் அவர்.

மறுநாள் நான் குரல் கொடுத்தேன். எடுத்த எடுப்பில் "ஆத்தூர்" என்று சொல்லி எல்லோரையும் மூச்சு வாங்க வைத்துவிட்டேன். "அம்மிணி, நடுவுல டீக்கடையில நிறுத்துவீங்களா?" என்று பாய் கெஞ்சினார். அதற்கும் சிரித்தார்கள். விட்டுப்போனவர்கள் இரண்டொருவராகத் திரும்பினார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை, வாயைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு அண்ணன் பூங்கா வாசலில் நின்றார். கடைசி வரிசையில் போய் மறைந்து நிற்பார் என்று நினைத்தேன். அவர் நேராக முன்னால் வந்தார். துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டார். எங்களையும், எங்களுக்குப் பின்னால் நடைபழகிக்கொண்டிருந்த ஊர் சனத்தையும் பார்த்து, அந்தக் கோணல் வாயைத் திறந்து முதல் சிரிப்பைச் சிரித்தார். நடந்துகொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தது எனக்கு.

இப்போது அவர் கோயமுத்தூரில் மகளோடு இருக்கிறார். குரல் கொடுப்பது நான்தான். புதிதாக வருகிறவர்கள், இதை ஆரம்பித்தது யார் என்று கேட்பார்கள். "எங்க அண்ணனுங்க" என்பேன். கூடப் பிறந்தவரா என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டாலும் ஆமாம் என்றுதான் சொல்லப் போகிறேன்.