மண்வெட்டி ஆழத்துக்கு மட்டும் நல்ல மண்

2022 டிசம்பர் 13, செவ்வாய்க்கிழமை. காலை 4.50க்கு எழுந்தேன். 5.40க்குத் திண்டிவனத்தில் பஸ் பிடித்து, 6.35க்கு விழுப்புரத்தில் எங்கள் மண் ஆய்வுக்கூடத்தைத் திறந்தேன். வழக்கம்போல், மண்ணில் அழுத்தி இறுக்கம் அளக்கும் கம்பியான பெனட்ரோமீட்டரின் கூம்பு முனையை வெர்னியரில் அளந்து பதிவேட்டில் எழுதினேன். முனை தேய்ந்திருந்தால் கெட்டியான மண்ணும் இளகினதுபோல் காட்டும். தேயவில்லை. மண் மாதிரி எடுக்கும் கோர் கட்டர் நான்கு, தராசு ஒன்று, ஈரம் பார்க்கும் டப்பா இருபது என்று பட்டியலில் ஒவ்வொன்றாக டிக் அடித்து ஜீப்பில் ஏற்றினோம். டிரைவர் சாதிக், கோட்டக்குப்பத்துக்காரர், 7.15க்கு வண்டியை எடுத்தார். மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. இறுக்கம் அளக்க அதுதான் சரியான ஈரம்.

போன இடம் கல்வராயன் மலையில் ஒரு தனியார் மரக்காடு. மலைவேம்பு வளர்த்து, வெட்டி, பிளைவுட்டுக்கு அனுப்புகிறவர்கள். வெட்டிய மரங்களை டிராக்டரில் கட்டிச் சரிவில் இழுத்து வருவார்கள். அந்த இழுவைத் தடங்களில் மறுபடி நட்ட கன்றுகள் இரண்டு வருடமாகப் பட்டுப்போய்க்கொண்டிருந்தன. மண் இறுகிப்போயிருந்தால் குற்றம் டிராக்டருடையது. இறுகவில்லை என்றால் குற்றம் காசியம்மாளுடையது. காசியம்மாள் கண்டாச்சிபுரம் பக்கத்திலிருந்து வந்து, பதினோரு பெண்களை வைத்துக் கன்று வளர்த்து நடும் மேஸ்திரி. மண் சரியாக இருக்கிறது என்று எங்கள் ரிப்போர்ட் சொன்னால், பொங்கலுக்குப் பிறகு அவரும் ஆட்களும் வர வேண்டாம் என்று அந்தக் காட்டின் மேனேஜர் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார்.

"மண்ணு பாஸ் ஆனா நான் ஃபெயிலு சார்," என்றுதான் காசியம்மாள் தன்னை எனக்கு அறிமுகப்படுத்திக்கொண்டார்.

அளக்க வேண்டிய பத்து இடங்களில் முதல் இடத்துக்குப் போனோம். இடத்தைக் குறிக்க அடித்திருந்த முளைக்குச்சியைச் சுற்றி பிளீச்சிங் பவுடரில் வட்டம் போட்டிருந்தது. வட்டத்துக்குள் மண் கொத்தி, கட்டி உடைத்து, புல் ஒன்றில்லாமல் சமன் செய்யப்பட்டிருந்தது. விதை தெளித்தால் போதும் என்கிற மாதிரி.

"இன்னா சார், கலெக்டர் வர்றாரா?" என்றார் சாதிக்.

"சாரு வர்றாங்கல்ல," என்றார் மேனேஜர் பெருமையாக. "லேப்லேர்ந்து இம்மாந்தூரம் வர்றவங்கள முள்ளுலயும் பொதர்லயும் நிக்க வைக்கறதா? பத்து எடமும் இதே மாதிரி பண்ணி வச்சிருக்கோம்."

அவர் முகத்தில் கள்ளம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. எந்தப் பத்து இடம் என்று அவருக்கு எப்படித் தெரியும் என்ற கேள்விக்கும் பதில் என் பைலிலேயே இருந்தது. விதிப்படி பத்து நாள் முன்பே கடிதம் அனுப்பியிருந்தேன். இடங்களின் எண், இருப்பிடம், இணைப்பாக வரைபடம் ஒன்று, கலரில். யாருக்கும் குழப்பம் வரக்கூடாது என்று. வரவில்லை.

வந்ததற்கு அளந்தோம். அழுத்துவது சாதிக், டயல் பார்த்து எழுதுவது நான். "அல்வா மாதிரி எறங்குது சார்," என்றார். 5 சென்டிமீட்டர் ஆழத்தில் 0.4 மெகாபாஸ்கல். 10இல் 0.4. 15இல் 0.5. அதற்குக் கீழே கம்பி நின்றது. அவர் மூச்சைப் பிடித்து முழு எடையையும் போட்டார். 20இல் 2.6, 25இல் 2.9, 30இல் 3.1. எங்கள் கணக்கில் இரண்டைத் தாண்டினால் வேர் இறங்கத் திணறும். ஆனால் எங்கள் படிவம் கேட்பது ஆறு அளவின் சராசரி. சராசரி 1.65. பாஸ்.

மதியம் இரண்டரைக்குள் பத்து இடமும் பாஸ் ஆனது. மேனேஜர் டீ சொன்னார்.

மேல்மண் மட்டும் கொத்தியிருக்கிறது என்று ஒரு வரி எழுதியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அந்தப் படிவத்தில் குறிப்பு எழுதக் கட்டம் கிடையாது. முன்பு இருந்தது. இடம் கொடுத்தால் ஆளாளுக்குக் கதை எழுதுகிறார்கள் என்று அதை எடுத்தவன் நான். சராசரி என்ற ஒரே கட்டம் போதும் என்று வாதாடி ஜெயித்தவனும் நான்தான்.

டீ டம்ளரோடு காசியம்மாள் வந்தார். "சார், ஒண்ணு சொல்லட்டுமா? அந்த வட்டத்தயெல்லாம் கொத்தினதே எங்க ஆளுங்கதான். ரெண்டு நாளா கொத்திக்கினு கெடந்தோம். எதுக்குன்னு யாரும் சொல்லல."

"எவ்வளவு ஆழம் கொத்தினீங்க?"

"மம்பட்டி எம்மாம் போச்சோ அம்மாந்தான். அதுக்குக் கீழ டங்கு டங்குன்னு அடிக்குது. எங்க பொண்ணு ஒருத்திக்குக் கை பொத்துப்போச்சு. என் வேலைக்கு நானே குழி வெட்டிக்கினு இருக்கேன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சிது."

மேனேஜரிடம் போய், இந்த அளவு செல்லாது, நாளைக்குக் கொத்தாத இடத்தில் மறுபடி அளக்க வேண்டும் என்றேன்.

"ஃபார்ம்ல ஆவரேஜ்தான சார் கேக்குது? ஆவரேஜ் பாஸாயிடுச்சில்ல?"

"ஆகியிருக்கு. படிவம் தப்பு."

"அது உங்க படிவம்தான சார்?"

"ஆமாம்."

 அவர் உதவும் குரலில், "சரி, நாளைக்கு எந்த எடம்னு இப்பவே சொல்லிட்டீங்கன்னா, ஜல்தியா ஆள விட்டு..." என்று ஆரம்பித்தார்.

"சொல்ல மாட்டேன்," என்றேன். இத்தனை வருட சர்வீசில் ஒரு வாடிக்கையாளரிடம் தகவல் தர மறுத்தது அதுதான் முதல் தடவை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். கடிதத்தில் தேதியை மட்டும் எழுதுங்கள். இடத்தை அங்கே போய்த் தேர்ந்தெடுங்கள். சராசரியைப் போடும் முன் ஆறு அளவையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். எங்கள் படிவத்தில் இப்போது ஆறு கட்டமும், குறிப்புக்கு அரைப் பக்கமும் இருக்கிறது. ஆளாளுக்குக் கதை எழுதத்தான் செய்கிறார்கள். படிக்கிறேன்.

அன்றிரவு மலையிலேயே தங்கினோம். மறுநாள் 14ஆம் தேதி, புதன்கிழமை. காலை 6.40க்கு முதல் வேலையாக, வட்டம் இல்லாத ஓர் இழுவைத் தடத்தில் பெனட்ரோமீட்டரை மேனேஜர் கையில் கொடுத்து, அழுத்தச் சொன்னேன். காசியம்மாளும் அவருடைய ஆட்களும் சற்றுத் தள்ளி நின்றார்கள். மேனேஜர் அழுத்தினார். விரல் நீளம்கூட இறங்கவில்லை.

"கல்லு இருக்கு சார்," என்று ஓரடி தள்ளி வைத்தார். அங்கேயும் நின்றது. "இங்கயும் கல்லு." மூன்றாவது இடத்திலும் கல் என்றார்.

"மூணு எடத்துலயும் கல்லுன்னா," என்றார் காசியம்மாள், "நான் நட்ட கன்னுக்கு மட்டும் இன்னா சார், பஞ்சு மெத்தையா?"

பெண்கள் சிரித்தார்கள். சாதிக் ஜீப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான்காவது இடத்தில் மேனேஜர் கல் என்று சொல்லவில்லை. இரண்டு கையாலும் முழு எடையைப் போட்டு, 10 சென்டிமீட்டர் கோடு வரை அழுத்தினார். பிறகு குனிந்து டயலைத் தானே படித்தார்: "ரெண்டு புள்ளி எட்டு."

எழுதி, பக்கத்தில் அவரிடம் கையெழுத்து வாங்கினேன்.