டிரம்பெட் ஊத ஆசைப்பட்ட என் மகளுக்கு முருகன் காட்டிய பள்ளிக்கூடம்

போன வருடத்துக்கு முந்தைய வருடம், மே மாதம். காலையில் பல் விளக்கப் போன என் மகள் முத்துக்கனி, கொல்லைப்புறத்திலிருந்து "எம்மா!" என்று கத்தினாள். அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். அவள் வாயில் விட்ட தண்ணீர் இடது பக்கமாக வழிந்துகொண்டிருந்தது. வாயை மூட முடியவில்லை. உதடு வலது பக்கம் இழுத்துக்கொண்டு நின்றது. இடது கண்ணின் இமை இறங்கவே இல்லை.

"எனக்கு என்னம்மா ஆச்சு?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியே குழறிக் குழறித்தான் வந்தது.

முருகனை நம்பும் அன்பர்களே, அன்று தொடங்கி எங்கள் வீட்டில் நடந்ததை மறைக்காமல் சொல்கிறேன். என் பெயர் சண்முகத்தாய். வடகரைக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். வீட்டுக்காரர் நெல் போடுகிறார், வயல் வேலை இல்லாத நாளில் தென்னந்தோப்புக்குப் போவார். நான் வீட்டிலிருந்தே துணி தைக்கிறேன். கனி எங்களுக்கு ஒரே பிள்ளை. பண்பொழித் திருமலை முருகன்தான் எங்களுக்கு எல்லாம்.

கனிக்குச் சின்ன வயதிலிருந்தே இடது காதில் அவ்வப்போது சீழ் வடியும். குற்றாலத்தில் சீசன் நேரம் அருவியில் குளித்துவிட்டு வந்தால் நிச்சயம் வரும். சொட்டு மருந்து விட்டால் நின்றுவிடும். அது இப்படி முகத்தில் வந்து நிற்கும் என்று யார் கண்டது?

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். எங்கள் ஊர்ப் பள்ளி எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். ஒன்பதாம் வகுப்புக்கு வேறு பள்ளி பார்த்தே ஆக வேண்டும். பக்கத்து ஊரில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி இருக்கிறது, நடந்தே போய்விடலாம். ஆனால் கனியின் மனசு தென்காசியில் உள்ள ஓர் அரசு பெண்கள் பள்ளியில்தான் இருந்தது. கோ-கோ போட்டிக்காகத் தென்காசி மைதானத்துக்குப் போயிருந்தபோது, அந்தப் பள்ளியின் பேண்டு வாத்தியக் குழு அணிவகுத்து வருவதைப் பார்த்திருக்கிறாள். முன்வரிசையில் பெண்பிள்ளைகள் டிரம்பெட் ஊதிக்கொண்டு வந்தார்களாம். வீட்டுக்கு வந்ததிலிருந்து அதே பேச்சு. பப்பாளி இலைக் காம்பை ஒடித்து வைத்துக்கொண்டு ஊதி ஊதி என் தலையைத் தின்றாள்.

ஏப்ரலில் தேர்வு முடிந்ததும் அவளை அந்தப் பள்ளிக்கு அழைத்துப் போனேன். அங்கே பேண்டு குழுவைப் பழக்குவது விளையாட்டு டீச்சர்தான். பி.டி. டீச்சர் என்றுதான் எல்லாரும் கூப்பிடுகிறார்கள். அவர் கனியின் பல்வரிசையையும் உதட்டையும் பார்த்துவிட்டு, "டிரம்பெட்டுக்குன்னே செஞ்சு வச்ச வாயி! ஜூன்ல வந்துரு" என்றார். அந்த வாய்தான் ஒரு மாதத்துக்குள் கோணிப்போனது.

தென்காசி ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு உடனே திருநெல்வேலிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். அங்கிருந்த காது டாக்டரம்மா எங்களை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார்.

"காதுக்குள்ள எலும்பை அரிச்சிருக்கு. முகத்துக்குப் போற நரம்பு அந்த வழியாத்தான் போகுது. தள்ளிப்போட்டா மூளைக்கே ஆபத்து. உடனே ஆபரேஷன் செய்யணும்."

என் வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்துவிட்டார். கனி மட்டும் நிமிர்ந்து பார்த்து, "டாக்டர், நான் டிரம்பெட் ஊதலாமா?" என்று கேட்டாள். அவருக்குப் புரியவில்லை. நான் விளக்கிச் சொன்னேன்.

"இப்போதைக்கு ஊதுற பேச்சே வேண்டாம்மா. பலூன்கூட ஊதக் கூடாது. காது ஆறட்டும், அப்புறம் பார்ப்போம்" என்றார்.

ஆபரேஷன் நடந்தபோது நான் வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தேன். காவடி எடுக்கிறேன், முடி இறக்குகிறேன் என்று எதுவும் நேர்ந்துகொள்ளத் தோன்றவில்லை. பாட்டும் வரவில்லை. "முருகா, என் பிள்ளையக் குடுத்துரு" என்ற ஒரே பேச்சுதான். அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். நாக்கு வறண்டுபோனது.

உயிருக்கு ஆபத்து இல்லாமல் பிள்ளை வெளியே வந்தாள். காதில் இருந்ததை முழுவதும் எடுத்துவிட்டார்கள். ஆனால் முகம் அப்படியேதான் இருந்தது. "நரம்பு அறுந்து போகலை. மெதுவாத்தான் வரும். சிலருக்கு முழுசா வராமலும் போகலாம்" என்றார் டாக்டரம்மா. கட்டுப் பிரித்த பிறகு தினமும் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து உதட்டைக் குவிக்க வேண்டும், பல்லைக் காட்ட வேண்டும், புருவத்தைத் தூக்க வேண்டும் என்று பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் கனி செய்த முதல் வேலை, கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்ததுதான்.

ஜூன் பிறந்தது. பள்ளிகள் திறந்துவிட்டன.

"ஏங்க, பிள்ளைய எங்க சேக்க?" என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"பக்கத்து ஊர்லயே சேத்துருவோம். தென்காசிக்கு ரெண்டு பஸ் மாறணும். பஸ்ல அத்தன பேரும் அவ மூஞ்சியத்தான் பாப்பாவ. அங்கன போயி, ஊதவும் முடியாம, மத்த பிள்ளைவ ஊதுததப் பாத்துக்கிட்டு நிக்கச் சொல்லுதியா?"

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அங்கே அனுப்பினால் தினமும் புண்ணைக் கிளறுவது போல் ஆகுமோ? அனுப்பாவிட்டால், நீ இனி தேற மாட்டாய் என்று பெற்றவளே சொன்னதாக ஆகிவிடுமோ? தையல் மிஷினில் உட்கார்ந்தால் கை ஓடும், கவனம் ஓடாது. ஒரு நாள் ஒரு ரவிக்கைக்குக் கையை உள்வெளியாக மாற்றி வைத்துத் தைத்துவிட்டேன்.

கனியைக் கேட்டால், "நான் எங்கயும் போவல. படிக்கவும் மாட்டேன்" என்பாள். துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டுதான் பேசுவாள். சாப்பிடும்போது எங்களுக்கு முதுகைக் காட்டி உட்காருவாள்.

ஒரு வெள்ளிக்கிழமை திருமலைக்குத் தனியாகப் படியேறினேன். சந்நிதியில் நின்று, "இந்தப் பள்ளியா, அந்தப் பள்ளியா, ஏதாவது ஒண்ணு சொல்லு" என்று கேட்டேன். பூ விழவில்லை. யாரும் எந்த வார்த்தையும் சொல்லவில்லை. திருநீறு கொடுத்தார்கள், கூட்டம் தள்ளியது, வெளியே வந்துவிட்டேன். இறங்கும்போது அழுகையும் கோபமுமாக வந்தது. இவ்வளவு தூரம் ஏறி வந்து கேட்கிறேன், வாயைத் திறக்க மாட்டாயா என்று அவனோடு சண்டை போட்டுக்கொண்டேதான் இறங்கினேன்.

அடுத்த வாரம் காதைக் காட்டுவதற்காகக் கனியைத் தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். திரும்பி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வரும்போது சாரல் பிடித்துக்கொண்டது. சாரல் என்றால் சும்மா தூறல் இல்லை, காற்றோடு சேர்ந்து சாய்த்து அடித்தது. காதில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். குடை இல்லை. முந்தானையால் அவள் தலையை மூடி, கண்ணில் பட்ட முதல் வாசலுக்குள் ஓடி ஒதுங்கினேன்.

நிமிர்ந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது. அதே பள்ளிக்கூடம்.

கனி என் கையைப் பிடித்து இழுத்தாள். "எம்மா, இங்கன வேண்டாம்மா. வேற எங்கயாவது போவோம்."

போக முடியவில்லை. மழை விடவில்லை. அதற்குள் வராந்தாவிலிருந்து ஒரு குரல்: "ஏம்மா, பிள்ளைய நனைய விடாதிய. உள்ள வாங்க!" பி.டி. டீச்சர்தான்.

வராந்தாவில் பேண்டு குழுவுக்குப் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். கையில் வாத்தியம் எதுவும் இல்லை. முதலில் வாய்ப் பழக்கம்தானாம். உதட்டைக் குவிக்க வேண்டும், ஓரத்தை இறுக்க வேண்டும், கன்னம் உப்பக் கூடாது. ஒருத்திக்குக் கன்னம் தவளை மாதிரி உப்பியது. ஒருத்திக்கு உதடு ஒரு பக்கமாகவே ஓடியது. இன்னொருத்திக்கு எச்சில் வடிந்து சட்டை நனைந்தது. ஒரு முகமாவது நேராக இருக்க வேண்டுமே!

டீச்சர் கனியை உற்றுப் பார்த்தார். "நீ ஏப்ரல்ல வந்த வடகரைப் பிள்ளதான? எங்கட்டி போயிட்ட?"

கனி தலையைக் குனிந்துகொண்டாள். நடந்ததை நான் சொன்னேன். டீச்சர் ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. "டாக்டர் என்ன பயிற்சி சொல்லிருக்காவ?" என்று கனியிடம் கேட்டார்.

துப்பட்டாவுக்குள்ளிருந்து சன்னமாக வந்தது பதில். "உதட்டக் குவிக்கச் சொன்னாவ."

டீச்சர் சிரித்துவிட்டார். "அதத்தானட்டி இங்கன எல்லாரும் செய்தாளுவ! போ, வரிசையில போயி நில்லு."

கனி என்னைப் பார்த்தாள். போ என்றும் சொல்ல முடியவில்லை, வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை. வரிசைக் கடைசியில் நின்ற ஒரு பிள்ளை கொஞ்சம் நகர்ந்து, "இங்கன வா" என்றது. கனி போனாள். துப்பட்டாவை இறக்கினாள். உதட்டைக் குவித்தாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவரவருக்கு அவரவர் வாயோடு மல்லுக்கட்டவே நேரம் சரியாக இருந்தது.

வீட்டில் கண்ணாடி பார்க்க மறுத்த பிள்ளை, அத்தனை பேர் நடுவில் முகத்தைத் திறந்து நின்றாள். அந்த வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன். மலைமேல் கேட்டதற்கு அவன் இங்கே பதில் சொல்கிறான் என்று எனக்கு விளங்கிவிட்டது.

வீட்டுக்காரர் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. "ஊதக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிருக்காவல்லா?"

"ஊத வேண்டாம். அவளுவ கூட நிக்கட்டும்" என்றேன்.

"ஏதும் ஆச்சுன்னா?"

"முருகன் பாத்துக்கிடுவான்" என்று தைரியமாகச் சொல்லிவிட்டேன். உள்ளுக்குள் எனக்கும் அதே கேள்விதான். பிள்ளையை அங்கேயே சேர்த்தோம். முதல் நாள் இரண்டு பஸ்ஸிலும் அவரே கூடப் போய், பிள்ளையை ஜன்னல் பக்கம் உட்கார வைத்து, மற்றவர்கள் பார்க்காதபடி மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

காது ஆறும்வரை ஊத விட மாட்டேன் என்று டீச்சர் சொல்லியிருந்தார், சொன்ன சொல் மாறவில்லை. உதட்டுப் பயிற்சியும் நடைப் பயிற்சியும் மட்டும் கொடுத்தார். சத்தம் காதுக்கு ஆகாது என்று டிரம் அடிக்கிற பக்கமே அவளை விடவில்லை. ஆனால் ஆகஸ்ட் போனது, செப்டம்பர் போனது, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. தினமும் அவள் தூங்கிய பிறகு அந்த இமை மூடுகிறதா என்று பார்ப்பேன். மூடாது. ஒரு நாள் பஸ்ஸில் யாரோ "கோணவாயி" என்று கூப்பிட்டுவிட்டார்கள். வந்து பையைத் தூக்கி எறிந்தாள். இனிப் போக மாட்டேன் என்றாள். நான் வற்புறுத்தவில்லை. விளக்கேற்றி வைத்து முருகன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

மறுநாள் காலை அவளே சீருடை போட்டுக்கொண்டு வந்து நின்றாள். "நான் போவலைன்னா வரிசையில என் எடம் காலியா கெடக்கும்மா. டீச்சர் வேற யாரையும் அங்கன நிக்க விட மாட்டாவ."

ஐப்பசி மாதம் கந்த சஷ்டி விரதத்தில் இருந்தேன். ஒரு சாயங்காலம் கனி, டீச்சர் நடந்துவருவது போல் நடித்துக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். இடது கன்னத்தில் சின்னதாக ஒரு குழி விழுந்தது. கையிலிருந்த கத்திரிக்கோலைக் கீழே போட்டுவிட்டேன்.

"இன்னொரு தடவ சிரி."

"என்னம்மா?"

"சிரிட்டி!"

சிரித்தாள். மறுபடியும் குழி விழுந்தது. வயலிலிருந்து சேற்றுக் காலோடு வந்த அப்பாவிடமும் சிரித்துக் காட்டினாள். அவர் அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

அதன்பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உதடு திரும்பியது, இமை இறங்கியது. கோடை விடுமுறையில் காதைச் சோதித்த டாக்டரம்மா, "நல்லா ஆறியிருக்கு. இனி மெதுவா ஊதிப் பழகலாம்" என்று சொன்னார். பள்ளி திறந்த வாரம் டீச்சர் கையில் டிரம்பெட் கொடுத்தார். நாங்கள் இரண்டு பேரும் போயிருந்தோம். முதல் சத்தம் வந்ததும் வீட்டுக்காரர், "எருமக்கன்னு கத்துத மாதிரிலா இருக்கு!" என்று சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

இந்தச் சுதந்திர தினத்தில் அதே தென்காசி மைதானத்தில் என் மகள் டிரம்பெட் வரிசையில் நடந்து வந்தாள். களைத்துப்போனால் இடது உதட்டோரம் இன்றும் கொஞ்சம் இறங்கும். இடது காதில் கேட்பது குறைவுதான். மற்றவர்கள் ஊதுவது வலது காதுக்குக் கேட்கும்படி வரிசையின் இடது ஓரத்தில் அவளை நிறுத்துகிறார்கள். நான் கேட்ட எல்லாவற்றையும் அவன் அப்படியே கொடுத்துவிட்டான் என்று பொய் சொல்ல மாட்டேன். என் பிள்ளைக்கு எது வேண்டுமோ அதைக் கொடுத்தான். முன்பெல்லாம் எதற்கெடுத்தாலும் பதறுவேன். இப்போதும் பதற்றம் வரும். வந்தால் அவனிடம் சொல்லிவிட்டு, கிளம்பி நடக்கக் கற்றுக்கொண்டேன்.

போன வாரம் எங்களைப் பற்றிக் கேள்விப்பட்டு, சுந்தரபாண்டியபுரத்திலிருந்து ஒரு தாய் போன் செய்தார். அவர் மகளுக்கும் முகம் இழுத்துக்கொண்டதாம். மருத்துவம் நடக்கிறதாம், ஆனால் பிள்ளை அறையை விட்டு வெளியே வருவதில்லையாம். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே கனி போனை வாங்கினாள். "அந்தப் பிள்ளட்ட குடுங்க" என்றாள். அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தமே இல்லை. கனி காத்திருந்தாள். பிறகு சொன்னாள்: "பேச வேண்டாம். சும்மா கேளு. நாளைக்கு எங்க ஸ்கூலுக்கு வா. நான் வாசல்ல நிப்பேன். எனக்குப் பக்கத்துலதான் ஒனக்கு எடம்."

மறுநாள் அந்தப் பிள்ளை வந்தாளாம், முகத்தை மூடிக்கொண்டு. இந்த வாரமும் வருகிறாள்.

அன்பர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கதவு மூடிக் கிடந்தால் அவனிடம் சொல்லுங்கள். சண்டை போட்டாவது சொல்லுங்கள். சொல்லிவிட்டுப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வாருங்கள். எந்த வாசலில் உங்களை ஒதுங்க வைக்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும்.