கத்தாத தோள்

கண்டிச் சந்தையில் முப்பது வருடம் மூட்டை சுமந்த நாட்டாமி இராமையாவுக்குத் தோள் நோவைப் பற்றித் தெரியாதது எதுவுமில்லை என்பது சந்தையின் பொதுவான கருத்து. அவருடைய கருத்தும் அதுவே. கையைத் தூக்கும்போது குத்தினால் மூட்டை நோவு. சில நாள் ஓய்வில் போய்விடும். படுத்துப் புரளும்போது எழுப்பினால் பழைய நோவு, மாதக்கணக்கில் குடியிருக்கும். விழுந்து, தோளின் வடிவமே மாறிவிட்டால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரி. இப்படி அவர் தீர்ப்புச் சொல்லி அனுப்பிய தோள்கள் ஏராளம். ஒரு தீர்ப்பும் தவறியதில்லை.

தொண்ணூற்றாறாம் ஆண்டு அவருக்கே ஒரு நோவு வந்தது. வந்த இடம்தான் அவமானம். வலது தோளிலேயே சுமந்து பழகியவருக்கு, ஆயுளில் ஒரு மூட்டையும் ஏற்றாத இடது தோளில் வந்தது.

"வேலையே செய்யாத தோளுக்கு நோவாண்ணே? சம்பளம் கேக்குதோ என்னமோ!" என்றான் கூட்டாளி கறுப்பையா.

சந்தையே சிரித்தது. இராமையா சிரிக்கவில்லை, ஆராய்ந்தார். சும்மா கிடந்த தோள் துருப்பிடித்துவிட்டது, வேலை கொடுத்தால் வழிக்கு வரும் என்று முடிவெடுத்து, மறுநாளிலிருந்து வெங்காய மூட்டைகளை இடது பக்கம் மாற்றினார். ஒன்றும் தெரியாதவன் இந்தப் பிழையைச் செய்திருக்க மாட்டான்.

படியேறினால் யாரோ தோளில் கயிறு போட்டு இறுக்கினார்கள். மூட்டையை இறக்கிவைத்து உட்கார்ந்தால் விட்டுவிட்டார்கள். மூன்றாம் நாள் காலை, மகியாவை வீட்டில் தேத்தண்ணியோடு உட்கார்ந்திருந்தபோதே வந்தது. போகவில்லை. மனைவி பரிமளம் முகத்தைப் பார்த்தாள்.

"என்னங்க, இந்தக் குளிர்ல இப்புடி வேர்க்குது? ஆஸ்பத்திரிக்குப் போவம், எந்திரிங்க."

"தோள் நோவுக்கு நான் ஆஸ்பத்திரிக்குப் போனா சந்தையில தலகாட்ட முடியுமா? அக்குறணையில ஹாஷிம் மொதலாளிக்கிட்ட நோவு எண்ண வாங்கித் தேச்சா போதும்."

ஆஸ்பத்திரி பக்கத்தில், அக்குறணை ஆறு மைல். ஆறு மைல் போனார்கள், பஸ்ஸில் நின்றுகொண்டே.

ஹாஷிமின் எண்ணெய்க் கடைக்கு ஒரு சட்டம் உண்டு. வந்தவரின் தோளைக் கட்டைவிரலால் அமுக்குவார். கத்தினால்தான் போத்தல். சத்தத்துக்கேற்ற அளவில் போத்தல்.

அமுக்கினார். இராமையா கத்தவில்லை. கையைச் சுழற்றினார், எண்ணெய் போட்ட சக்கரம் மாதிரிச் சுழன்றது.

"நோவுதா?"

"நோவுது மொதலாளி. நீங்க அமுக்குறதுனால இல்ல."

"படி ஏறினா?"

"ஏறினா வந்துச்சி, உக்காந்தா போச்சி. இன்னிக்கு உக்காந்தும் போகல. தாட வரைக்கும் இழுக்குது."

ஹாஷிம் போத்தலை மூடி அலுமாரியில் வைத்தார். "இது தோள் நோவு இல்ல, நெஞ்சு நோவு. ஒங்களுக்கு எண்ண தரமாட்டன். செல்றத கேளுங்க, ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. ஓடாதீங்க! ஒரு அடி நடக்கவும் வேணாம்."

"காலையில நான் சொன்னப்ப காது கேக்கல," என்றாள் பரிமளம்.

ஹாஷிமே தெருவில் இறங்கி ஒரு ஓட்டோவை மறித்தார். முப்பது வருடச் சந்தை வாழ்வில், விற்க மாட்டேன் என்ற வியாபாரியை இராமையா அன்றுதான் கண்டார். அந்த அதிர்ச்சியில்தான் ஏறினார்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் வயர்களை ஒட்டினார்கள். ஒரு மெஷின் கோடு கோடாய்க் கடதாசியைத் துப்பியது. யாழ்ப்பாணத்து டாக்டரம்மா அதைப் பார்த்தபடியே ஊசிக்கு ஆள் அனுப்பினார்.

"இதயத்துக்கு ரத்தம் போற குழாய் ஒண்டு அடைபட்டிட்டுது ஐயா. இன்னும் பிந்தியிருந்தா நாங்கள் ஒண்டும் செய்திருக்கேலாது."

"நெஞ்சுல ஒண்ணும் நோகலையேம்மா?"

"எல்லாருக்கும் நெஞ்சில நோகாது. இதயத்தின்ர நரம்பும் தோளின்ர நரம்பும் ஒரே வழியாலதான் மூளைக்குப் போகுது. எது கூப்பிட்டதெண்டு மூளைக்கே தெரியாது."

நான்காம் நாள், கண்டம் தாண்டியாயிற்று என்று சொன்ன பிறகு, இராமையா டாக்டரம்மாவிடம் அந்தக் கடதாசியைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

"ஒரு கோடு, நெஞ்சு அடிக்கிற ஒரு அடியாம்மா?"

"ஓம்."

"பொறந்ததுலயிருந்து ஒரு நிமிசமும் எறக்கி வைக்கலியா?"

"பிறக்க முந்தியே தொடங்கிட்டுது ஐயா."

உலகத்தில் யார் எவ்வளவு சுமக்கிறார்கள் என்ற கணக்கெல்லாம் அந்தக் கட்டிலில் குழம்பிப் போனது. இராமையா சட்டைப் பொத்தானைக் கழற்றி, காய்த்துப்போன உள்ளங்கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். பகல் சோறு வந்தது. கையை எடுக்கவில்லை.

"என்னங்க செய்யிறீங்க? சோறு ஆறுது," என்றாள் பரிமளம்.

"சத்தம் போடாத," என்றார் இராமையா. "வேல செய்யுது."