அம்புஜவல்லியின் சக்கரச் செருப்பு

விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் லட்சுமிநாராயணன் வைத்திருந்த பொம்மைப் பட்டறை, மூன்று ரயில் பெட்டியைக் கோத்து நிறுத்தின மாதிரி நீளம். ஒரு கோடியில் களிமண் கூழை அச்சில் ஊற்றுவார்கள், மறு கோடியில் சூளை. ஈரப் பொம்மைகளைப் பலகையில் அடுக்கி, தோளில் ஏற்றி, சூளைப் பக்கம் கொண்டு சேர்ப்பது பெண்களின் வேலை. மற்றப் பெண்கள் நடந்து போவார்கள். அம்புஜவல்லி உருண்டு போவாள்.

உருண்டுதான். காலில் சக்கரச் செருப்பு. இரும்புத் தகடு, அடியில் காலுக்கு நாலு சக்கரம், மேலே தோல் வார். எழுபத்தொன்றில் மணிமுத்தாற்று மணலில் கூடாரம் போட்டிருந்த சர்க்கஸ்காரர்கள் ஊரை விட்டுக் கிளம்பும்போது பழைய ஜோடி ஒன்றைக் கழித்துப் போட்டார்கள். தீபாவளிக்குப் பட்டறையில் கொடுத்த பன்னிரண்டு யானைப் பொம்மையையும் தூக்கிக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டாள். ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த முப்பத்திரண்டு வயசுக்காரிக்கு இது எதற்கு என்று கேட்காத ஆளில்லை. "வேணும்" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பிடுங்க முடியாது.

பழகினது ஞாயிற்றுக்கிழமைகளில், ஆளில்லாத பட்டறையில். முதல் நாள் சுவரைப் பிடித்தாள், தூணைப் பிடித்தாள், கடைசியில் பிடிக்க ஒன்றும் கிடைக்காமல் கூழ்த்தொட்டிக்குள் உட்கார்ந்தாள். சோறு கொண்டுவந்த புருஷன் அர்ச்சுனன், தலையிலிருந்து கால் வரை வெள்ளையாக ஒன்று தொட்டியிலிருந்து எழுந்திருப்பதைப் பார்த்து, தூக்குவாளியை வாசலிலேயே வைத்துவிட்டு நூறு கெஜம் ஓடினான். அது சிரித்த சிரிப்பைக் கேட்டுத்தான் தன் பெண்டாட்டி என்று தெரிந்து திரும்பினான். மூன்றாம் மாசம் பார்க்க வேண்டும் அவளை. தோளில் இருபத்துநாலு செட்டியார் பொம்மை, இடுப்பில் செருகின முந்தானை. ஒரு தள்ளுத் தள்ளினால் பாதிப் பட்டறை. வயிற்றுக்குள் ஊஞ்சல் ஆடுகிற மாதிரி இருக்கிறது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

அர்ச்சுனன் ஜங்ஷனில் ரயில் சக்கரத்தைச் சுத்தியால் தட்டிப் பார்க்கிறவன். கணீரென்றால் வண்டி போகலாம். மொத்தென்றால் விரிசல், பெட்டியைக் கழற்றிவிட வேண்டியதுதான். பெண்டாட்டியின் செருப்பையும் அவன் அப்படித்தான் நடத்தினான். சனிக்கிழமை சாயங்காலம் மரையைக் கழற்றி, பால்ரஸ் குண்டுகளை மண்ணெண்ணெயில் கழுவி, ஒவ்வொன்றாக எண்ணி, புது கிரீஸ் வைத்துப் பூட்டுவான். உள்பக்கச் சக்கரம்தான் சீக்கிரம் தேயும் என்று கண்டுபிடித்து, மாசத்துக்கொரு தரம் உள்ளே இருப்பதை வெளியே மாற்றுவான். வாரில் ஒரு நூல் பிரிந்தால் போதும், வார் முழுவதும் புதுசு. இத்தனையும் செய்தும் இரும்பு இரும்புதானே, இரண்டு வருஷத்தில் சக்கரம் எட்டும் ஒரு பக்கமாகத் தேய்ந்து போனது.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் வளைந்து வரும்போது சக்கரம் தள்ளாடினதை முதலாளி பார்த்துவிட்டார். பொம்மை ஒன்றும் உடையவில்லை, ஆனாலும் அவர் முகம் வெளுத்துவிட்டது. நல்ல சக்கரம் மாட்டி, அடுத்த மாசம் ஒண்ணாம் தேதி தன் கண் முன்னால் ஒரு பலகையைக் கோடிக்குக் கோடி கொண்டுபோய்க் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் செருப்பைக் கழற்றிவிட்டுச் சல்லடை ரூமுக்குப் போக வேண்டும் என்றார். சல்லடை ரூம் இருட்டறை. நாள் முழுக்கச் சம்மணம் போட்டு மண் சலிக்க வேண்டும். அம்புஜவல்லிக்கு அதை நினைத்தாலே கால் மரத்துப் போனது.

சக்கரம் எங்கே கிடைக்கும்? கடலூரில் கேட்டார்கள், சிதம்பரத்தில் கேட்டார்கள். சைக்கிள் கடைக்காரன் குழந்தை வண்டிச் சக்கரத்தை எடுத்து நீட்டினான். அப்போதுதான் அச்சு செய்கிற மாணிக்கவேல் வாயைத் திறந்தான். கரண்டுக் கம்பத்துப் பீங்கான் எத்தனை மழை வெயிலைத் தாங்குகிறது, அந்த மண்ணிலேயே வளையம் செய்து சுட்டு, பழைய சக்கரத்தின் தேய்ந்த விளிம்பை லேத்தில் கடைந்துவிட்டு, நடுவில் சைக்கிள் டியூப் சுற்றி மேலே மாட்டினால் என்ன என்றான்.

மாட்டலாம். ஆனால் மண் சூளையில் சுருங்கும் என்பதை, பிறந்ததிலிருந்து மண்ணோடு கிடக்கிற மாணிக்கவேலே அவசரத்தில் மறந்தான். முதல் சூளையில் வந்த வளையம் மோதிரமாகத்தான் ஆகும். இரண்டாம் தரம் பெரிதாகச் செய்தான். அளவு பொருந்தியது. அம்புஜவல்லி கட்டிக்கொண்டு ஒரு தள்ளுத் தள்ளினாள். நேராகப் போக வேண்டியவள் இடது பக்கம் திரும்பித் தூணைச் சுற்றினாள். மறுபடி தள்ளினாள், மறுபடி தூண். சூளையில் மேலே இருந்தது அதிகம் சுருங்கி, கீழே இருந்தது குறைவாகச் சுருங்கி, ஒவ்வொரு சக்கரமும் ஒவ்வொரு உயரம். கோயில் பிரகாரம் மாதிரி ஏழு சுற்று வந்த பிறகு, கூடப் பலகை சுமக்கிற வீரம்மாள் அவள் இடுப்பைப் பிடித்து நிறுத்தினாள். "சாமி கும்புட்டது போதும், எறங்குடி" என்றாள். பட்டறையே வயிற்றைப் பிடித்துக்கொண்டது.

மூன்றாம் தரம் இருபது வளையம் செய்து, எல்லாவற்றையும் சூளையில் ஒரே தட்டில் வைத்துச் சுட்டு, அதில் ஒரே அளவாக எட்டைப் பொறுக்கினார்கள். அடடா, அந்த ஓட்டம். இரும்பின் கடகடப்பே இல்லை. தயிரில் கரண்டி போகிற மாதிரிப் போனாள். இரண்டு தரம் சத்தமில்லாமல் பின்னால் போய் நின்று, மாணிக்கவேல் திடுக்கிட்டுத் துள்ளிக் குதித்ததில் அவளுக்குப் பரம சந்தோஷம்.

ஒண்ணாம் தேதி காலை, வேலைக்குப் போகிற வழியில் அர்ச்சுனன் பட்டறைக்குள் வந்து, செருப்பைக் கவிழ்த்து, சின்னச் சுத்தியால் தட்டினான். ஏழு சக்கரம் கணீரென்றது. எட்டாவது மொத்தென்றது.

"இது வேணாம், அம்புஜம்."

"நீங்க ரயிலு தட்டுற ஆளு. பீங்கான் சத்தம் ஒங்களுக்கு என்னா தெரியும்?"

"சரி, நீயே தட்டு."

தட்டினாள். பதினைந்து வருஷம் சூளையிலிருந்து வந்த சாமானை விரலால் சுண்டிப் பார்த்து, நல்லது இந்தப் பக்கம், விரிசல் அந்தப் பக்கம் என்று பிரித்தவள். அந்தச் சத்தம் என்ன சொல்கிறது என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இன்னொரு தரம் தட்டினாள். செருப்பைக் கீழே வைத்தாள். மீதி இருந்த வளையம் ஒன்றும் இந்த அளவுக்கு ஒத்துவராது. முதலாளியோ கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நடுப் பட்டறைக்கு வந்துவிட்டார்.

மறைத்திருக்கலாம். ஒரு தடவை போய் வந்தால் முடிந்தது, அது தாங்கினாலும் தாங்கும். அம்புஜவல்லி நேரே அவர் முன்னால் போய் நின்றாள்.

"மொதலாளி, இதுல ஒண்ணு விரிசல் வுட்டுருக்குது. இதை நான் காலுல போட மாட்டேன்."

"அப்போ சல்லடை ரூமுக்குப் போறியாம்மா?"

"அதுக்கும் போவ மாட்டேன். ஒத்தக் காலுல போறேன், பாக்குறீங்களா?"

அவர் பதில் சொல்வதற்குள் நல்ல செருப்பை இடது காலில் கட்டிவிட்டாள். வலது கால் வெறுங்கால். பலகையைத் தோளில் வாங்கிக்கொண்டு, வெறுங்காலால் தரையை ஓர் உதை உதைத்தாள். ஒற்றைக் காலில் கொக்கு மாதிரி நின்று போனாள். வேகம் குறைந்தால் இன்னோர் உதை. பெண்கள் சுவரோரம் ஒதுங்கி வாயில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள். பாதிப் பட்டறையில் ஒரு பூனை குறுக்கே வந்தது. வெறுங்காலைத் தரையில் ஊன்றினாள், சட்டென்று நின்றாள். பொம்மைகள் லேசாகத் தலையாட்டிவிட்டு அடங்கின. பூனை போனதும் மறுபடி உதைத்து, சூளை வாசலில் பலகையை இறக்கினாள். இருபத்துநாலும் முழுசு.

முதலாளி பொம்மைகளைப் பார்க்கவில்லை. பூனை போன இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ரெண்டு கால்லயும் இருந்தப்போ உன்னால இப்படி நிக்க முடிஞ்சுதா என்று கேட்டார். இல்லை என்று உண்மையைச் சொன்னாள்.

"இனிமே ஒத்தக் காலுதான்" என்றார். மாணிக்கவேலைக் கூப்பிட்டு, வருகிற ஒவ்வொரு சூளையிலும் ஒரே தட்டில் பத்து வளையம் வைக்கச் சொன்னார். தட்டிப் பார்க்காத நாளில் அம்புஜம் நடந்துதான் போக வேண்டும் என்றும் சொன்னார்.

அவள் அதற்குள் காலிப் பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு அச்சுப் பக்கம் உருள ஆரம்பித்துவிட்டாள். "கொஞ்சம் ஒதுங்குங்க மொதலாளி" என்றாள். அவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒதுங்கினார்.